பிராக்டீஸ் வகுப்பு 45 நாள்

கொச்சி சுள்ளிக்கல் ஜங்ஷனில் நின்று வெளிநாடு போக வழி கேட்டால் நர்ஸுக்கு வழி சொல்ல ஆள் நிறைய உண்டு. எந்த நாட்டுக்கு எந்தப் பரீட்சை, எந்தக் கவுன்சிலில் பதிவு, எத்தனை மாதம் ஆகும் என்பதெல்லாம் ஆட்டோ ஸ்டாண்டில் நிற்பவருக்கே மனப்பாடம். அவர் வீட்டிலிருந்தோ பக்கத்து வீட்டிலிருந்தோ ஒருத்தி போயிருப்பாள். டீச்சருக்கு வழி கேட்டால் கல்ஃப் என்பார்கள். அங்கேயே தங்கிவிடும்படி ஒரு இடம் உண்டா என்று கேட்டால் பேச்சு அதோடு நின்றுவிடும்.

நான் கொச்சியில் பதினைந்து வருடத்துக்குப் பக்கம் கணக்கு டீச்சராக இருந்தவள். இப்போது மெல்பர்னில் ஒரு மேல்நிலைப் பள்ளியில் அதே கணக்கைச் சொல்லிக்கொடுக்கிறேன். ஆசிரியர் என்ற தகுதியிலேயே ஆஸ்திரேலியாவின் நிரந்தர வசிப்புரிமை விசா கிடைத்தது. நிறையப் பேர் செய்வதுபோல அங்கே போய் மறுபடி பணம் கட்டிப் படிக்கவில்லை. ஊரிலிருந்து டீச்சர்கள் அழைத்துக் கேட்கும்போது போனில் துண்டு துண்டாகச் சொன்னதை இங்கே சேர்த்து எழுதுகிறேன்.

எங்கள் தாத்தா திருநெல்வேலிப் பக்கமிருந்து மட்டாஞ்சேரி பாண்டிகசாலையில் மிளகு, சுக்கு மூட்டைக் கணக்கு எழுத வந்தவர். வீட்டில் தமிழ், தெருவில் மலையாளம், நான் வேலை பார்த்த பள்ளியில் ஆங்கிலம். கேரளத்தில் எய்டட் பள்ளி என்றால் ஆளை நியமிப்பது மேனேஜ்மென்ட், சம்பளம் தருவது அரசு. அந்த இடத்துக்கு எவ்வளவு புரட்ட வேண்டும் என்று எல்லா டீச்சர் வீட்டிலும் பேசியிருப்பார்கள். எங்களால் முடியவில்லை. அரசு உதவியில்லாத சிபிஎஸ்இ பள்ளியில் சேர்ந்தேன். பாடம் நடத்துவதில் ஒரு குறையும் இல்லை. மாதக் கடைசியில் கையில் வருவதுதான் குறை.

கல்ஃபுக்குப் போன தோழிகளை எனக்குத் தெரியும். அங்கேயும் பெரும்பாலும் நம் சிபிஎஸ்இ பள்ளிதான், அதே என்சிஇஆர்டி புத்தகம்தான். வேலை இருக்கும்வரை விசா இருக்கும். பிள்ளைகள் பிளஸ் டூ முடிக்கும் நேரத்தில் குடும்பம் மறுபடி எங்கே என்று யோசிக்க வேண்டும். எனக்கு அப்படிப் போய்த் திரும்புவதில் மனம் ஒட்டவில்லை. போனால் குடியிருக்கும்படி போக வேண்டும்.

மாமியார் நேராகவே கேட்டார். "நர்ஸ் போறா, சரி. ஆளு இல்லாம கூப்பிடறான். கணக்கு சொல்லிக்குடுக்க அவங்க ஊர்ல ஆளு இல்லியாம்மா?"

இல்லை என்பதுதான் பதில். கணக்கு படிக்காதவர்களே கணக்கு வகுப்பு எடுக்க வேண்டிய நிலை அங்கே பல பள்ளிகளில் உண்டு. 2022 டிசம்பரில் அந்த நாட்டின் கல்வி அமைச்சர்கள் எல்லோரும் சேர்ந்து ஆசிரியர் பற்றாக்குறைக்கென்றே ஒரு தேசியச் செயல்திட்டம் வெளியிட்டார்கள். அதற்குச் சற்று முன், அக்டோபர் 28 முதல், திறன் அடிப்படையிலான விசா விண்ணப்பங்களில் மருத்துவத்துறையினரையும் ஆசிரியர்களையும் முதலில் எடுத்துப் பார்க்க வேண்டும் என்று உத்தரவு போட்டார்கள். என் விண்ணப்பம் அந்தக் காற்றில் போனது என்று நினைக்கிறேன். கடைசிப் படி அவ்வளவு சீக்கிரம் முடியும் என்று நாங்கள் யாரும் எதிர்பார்க்கவில்லை.

ஆனால் விசா கடைசிப் படி. கஷ்டமெல்லாம் முதல் படியில்தான்.

ஒரு டீச்சர் மூன்று கதவைத் தட்ட வேண்டும். முதலாவது தகுதி மதிப்பீடு. ஏஐடிஎஸ்எல் என்று சுருக்கமாகச் சொல்லும் ஆஸ்திரேலிய ஆசிரியப் பணி மற்றும் பள்ளித் தலைமைக் கழகம் நம் சான்றிதழ்களைப் பார்த்து, இவர் ஆசிரியர்தான் என்று சொல்ல வேண்டும். இரண்டாவது குடியேற்றத் துறை. மூன்றாவது, எந்த மாநிலத்தில் பாடம் நடத்தப் போகிறோமோ அந்த மாநிலத்தின் ஆசிரியர் பதிவு. ஒன்று கிடைத்தால் மற்றது தானாகக் கிடைக்காது. கையில் நிரந்தர விசா இருந்தும் பதிவு இல்லாததால் வகுப்புக்குள் நுழைய முடியாமல் இருந்தவர்களைப் பார்த்திருக்கிறேன்.

ஏஐடிஎஸ்எல் கேட்பது என்ன? பள்ளிப் படிப்புக்கு மேல் குறைந்தது நான்கு வருட உயர்கல்வி. அதில் ஒரு வருடமாவது ஆசிரியப் பயிற்சி. பி.எஸ்ஸி. மூன்று வருடம், பழைய பி.எட். ஒரு வருடம், கணக்கு சரியாக வந்துவிடும். அடுத்த வரியில்தான் நம் ஊர் டீச்சர்கள் மாட்டிக்கொள்வார்கள். அந்த ஆசிரியப் பயிற்சிக்குள், மேற்பார்வையின் கீழ், பள்ளியில், நாம் எந்த வயதுப் பிள்ளைகளுக்கு டீச்சர் என்று விண்ணப்பிக்கிறோமோ அந்த வயதுப் பிள்ளைகளுக்குப் பாடம் நடத்தியது குறைந்தது 45 நாள் இருக்க வேண்டும். அதைக் கல்லூரியே எழுதித் தர வேண்டும். அதன் பிறகு எத்தனை வருடம் வகுப்பில் நின்றிருந்தாலும் அந்த 45 நாளுக்கு ஈடாகாது.

முதலில் படித்தபோது எனக்குக் கோபம் வந்தது. ஆயிரக்கணக்கான வகுப்பு எடுத்தவளிடம், படிக்கும் காலத்தில் எடுத்த பிராக்டீஸ் வகுப்பைக் கேட்கிறார்களே என்று. இப்போது அந்தக் கோபம் இல்லை. காரணத்தைச் சொல்ல அந்த பி.எட். வருடத்துக்குப் போக வேண்டும்.

எங்களை டீச்சிங் பிராக்டீஸுக்கு ஒரு மலையாள மீடியம் பள்ளிக்கு அனுப்பினார்கள். தமிழ் வீட்டுப் பெண், இங்கிலீஷில் கணக்கு படித்தவள், மலையாளத்தில் கணக்கு நடத்த வேண்டும். எட்டாம் வகுப்பு, சரிவகத்தின் பரப்பளவு, மலையாளத்தில் லம்பகம். அட்டையில் ஒரே அளவில் இரண்டு சரிவகம் வெட்டி எடுத்துப்போனேன். ஒன்றைத் தலைகீழாகத் திருப்பி மற்றொன்றின் பக்கத்தில் ஒட்டினால் இணைகரம் ஆகிவிடும். அதன் பரப்பில் பாதி நமக்கு வேண்டியது. பிள்ளைகளே கண்டுபிடித்துச் சொன்னார்கள். அன்று கிரிட்டிசிசம் கிளாஸ். எங்கள் கணக்கு விரிவுரையாளர் பின் பெஞ்சில், கூடப் படிப்பவர்கள் பக்கத்தில். வகுப்பு முடிந்ததும் எல்லோரும் நல்லது சொன்னார்கள். அவர் மட்டும் ரெக்கார்டை வாங்கிச் சிவப்பு மையில் ஒரு வரி எழுதிக் கையெழுத்துப் போட்டார். பதில் சொன்ன பிள்ளைகளைப் பார்த்தாய், சொல்லாதவர்கள் யார் யார் என்று இப்போது சொல்ல முடியுமா என்று.

என்னால் பெயர் சொல்ல முடிந்தது, ஏனென்றால் அந்த வகுப்பை நான் தினமும் பார்த்துக்கொண்டிருந்தேன். மறுநாளிலிருந்து அவர்கள் உட்கார்ந்திருந்த மூன்றாவது வரிசையைப் பார்த்துப் பாடம் நடத்தினேன். ஆசிரியத் தொழிலில் எனக்குக் கிடைத்த முதல் உண்மையான பாடம் அதுதான். அது புத்தகத்தில் வரவில்லை, பின் பெஞ்சில் ஒருவர் உட்கார்ந்திருந்ததால் வந்தது. டாக்டருக்கு ஹவுஸ் சர்ஜன்சி இல்லாமல் நிரந்தரப் பதிவு கிடையாது. டீச்சருக்கு அதற்குச் சமமானது இந்த நாட்கள்தான். அதைத்தான் வெளிநாட்டுக்காரர் கேட்கிறார். நம் ஊரில் பலபேருக்கு அது ரெக்கார்ட் எழுதி முடித்து மார்க் வாங்கும் சடங்கு.

சான்று வாங்கப் போனபோது அந்த அலட்சியம் என்ன விலை கேட்கும் என்று தெரிந்தது. மார்க் லிஸ்டில் பிராக்டிகல் என்று ஒரு வரி, எதிரில் மதிப்பெண். நாள் எத்தனை என்பது எங்கேயும் இல்லை. எங்கள் ரெக்கார்டில் எண்ணியது எடுத்த பாடங்களை. அவர்கள் கேட்பது நாட்களை. கல்லூரி அலுவலகத்தில் இருந்தவர் மரியாதையாகத்தான் பேசினார். "டீச்சரே, இங்ஙனெ ஒரு ஃபோர்மாட் நம்முடெ கையிலில்லல்லோ" என்றார். ஃபார்மாட் இல்லாத காகிதத்தை எந்த அலுவலகமும் தராது. மறுபடி போனபோது பிரின்சிபல் மாறியிருந்தார்.

என்னிடம் எதுவும் இல்லையென்றால் அங்கேயே முடிந்திருக்கும். அம்மா எதையும் எறிய மாட்டார். பரணிலிருந்து என் டீச்சிங் ரெக்கார்ட் கிடைத்தது. ஒவ்வொரு பாடத்திட்டத்தின் மேலும் தேதி, வகுப்பு, பீரியட், கீழே கையெழுத்து. பிராக்டீஸ் எடுத்த பள்ளியில் பயிற்சி டீச்சர்களுக்கென்று தனி வருகைப் பதிவேடு வைத்திருந்தார்கள். பழைய அலமாரியில் அதையும் தேடி எடுத்துக் கொடுத்தார் அங்கே பியூனாக இருந்த அண்ணன். பல்கலைக்கழகத்தின் அந்த வருடத்து பி.எட். பாடத்திட்ட நகலையும் சேர்த்துக்கொண்டேன். மூன்றையும் மேஜையில் வைத்து, பணி ஓய்வு பெற்றிருந்த என் விரிவுரையாளரையும் கூட அழைத்துப் போய்ப் பேசிய பிறகு, புதிய பிரின்சிபல் தானே உட்கார்ந்து எண்ணினார். எண்ணியதைக் கல்லூரி லெட்டர்ஹெட்டில் எழுதிக் கையெழுத்திட்டார். பாஸ்போர்ட்டில் உள்ளபடி என் பெயர், படிப்பு தொடங்கிய தேதி, முடிந்த தேதி, மேற்பார்வையில் பாடம் நடத்திய நாட்கள், எந்தப் பள்ளி, எந்த வகுப்பு, என்ன பாடம், விவரம் கேட்க வேண்டுமானால் யாரைத் தொடர்புகொள்வது. ஒரு பக்கம்தான். அந்த ஒரு பக்கம் இல்லாமல் விண்ணப்பத்தைக் கைவிட்ட டீச்சர்கள் கொச்சியில் இருக்கிறார்கள்.

பெயர் விஷயம் தமிழ் வீட்டுப் பெண்களுக்குத் தனித் தலைவலி. பத்தாம் வகுப்புச் சான்றிதழில் பெயருக்கு முன்னால் இனிஷியல், டிகிரியில் பின்னால், பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் முழுதாக விரிந்து குடும்பப் பெயராக நிற்கும். மூன்று பேரும் ஒருத்திதான் என்று வில்லேஜ் ஆபீஸில் ஒன் அண்ட் சேம் சர்டிபிகேட் வாங்கினேன். இது கேரளத்தில் எளிதாகக் கிடைக்கும், முதலிலேயே வாங்கி வைத்துக்கொள்வது நல்லது.

ஏஐடிஎஸ்எல் அடுத்துக் கேட்பது ஆங்கிலம். ஆஸ்திரேலியா, நியூசிலாந்து, பிரிட்டன், அயர்லாந்து, அமெரிக்கா, கனடா ஆகிய நாடுகளில் படித்தவர்களுக்கு விலக்கு உண்டு. இந்தியாவில் மழலையர் வகுப்பு முதல் ஆங்கிலத்திலேயே படித்திருந்தாலும் விலக்கில்லை. நான் விண்ணப்பித்தபோது ஐஇஎல்டிஎஸ் அகாடமிக்கில் வாசிப்புக்கும் எழுத்துக்கும் 7, கேட்பதற்கும் பேசுவதற்கும் 8 வேண்டியிருந்தது. நான்கும் ஒரே தேர்வில் வர வேண்டும். சராசரி எவ்வளவு நன்றாக இருந்தாலும் ஒன்று அரை மதிப்பெண் குறைந்தால் திரும்ப முழுத் தேர்வு. நர்ஸுகளுக்குச் சொல்லிக்கொடுத்துப் பழகிய கோச்சிங் சென்டர்களில் இந்த 8 என்ற எண்ணைக் கேட்டாலே கொஞ்சம் திகைத்தார்கள்.

வகுப்பில் தினமும் ஆங்கிலம் பேசுகிறவளுக்குப் பேச்சில் ஏன் 8 வராமல் போகும் என்று யோசித்துப் பார்த்தேன். நாம் வகுப்பில் பேசுவது ஒரு வழிப் பேச்சு. உத்தரவு, விளக்கம், கேள்வி. ஒரு அட்டையைக் கொடுத்து, ஒரு நிமிடம் யோசித்து, இரண்டு நிமிடம் உன்னைப் பற்றிப் பேசு என்றால் நமக்குப் பழக்கமில்லை. என் பயிற்சி வேறு மாதிரி. மாலையில் தோப்பும்படிக்கு நடந்துபோய் வரும் வழியில் என் மகளிடம் அன்றைய நாளை ஆங்கிலத்தில் கதையாகச் சொல்வேன், அவள் குறுக்கே கேள்வி கேட்பாள். அதுதான் கைகொடுத்தது.

இரண்டாவது கதவான குடியேற்றத் துறை பாயிண்ட் போட்டுத்தான் ஆளை எடுக்கும். அந்தக் கணக்கில் ஒரு நுணுக்கம் உண்டு, அது ஆசிரியர்களை மட்டும் கடிக்கும். குடியேற்றத் துறை நான்கு பிரிவிலும் 8 வாங்கினால் 20 பாயிண்ட் தரும், நான்கிலும் 7 என்றால் 10. டீச்சர் கேட்பதிலும் பேசுவதிலும் கட்டாயம் 8 வாங்கியிருப்பாள், எழுத்தில் 7 என்று நின்றுபோனால் அவளுக்கும் 10 தான். எனக்கு அப்படித்தான். முப்பத்தெட்டு வயதுக்கு 25, ஆங்கிலத்துக்கு 10, டிகிரிக்கு 15, எட்டு வருடத்துக்கு மேற்பட்ட அனுபவத்துக்கு 15, ஆக 65. குறைந்தபட்சம் அதுதான், ஆனால் குறைந்தபட்சத்தை வைத்துக்கொண்டு காத்திருக்க முடியாது. என் கணவரும் ஐஇஎல்டிஎஸ் எழுதி எல்லாவற்றிலும் 6 தாண்டியதில் 5 கூடியது. விக்டோரியா மாநிலம் பரிந்துரைத்ததில் இன்னொரு 5. நாற்பது தாண்டினால் வயதுக்கு 15 ஆகக் குறையும், நாற்பத்தைந்தில் கதவு மூடும். யோசித்துக்கொண்டே இருக்கிற டீச்சர்களுக்கு இதை அழுத்திச் சொல்வேன்.

இந்த இடத்தில்தான் ஏஜென்சிகள் நுழைவார்கள். எர்ணாகுளத்தில் ஒருவர் என் சான்றிதழ்களைத் திறந்துகூடப் பார்க்காமல், அங்கே போய் மறுபடி டீச்சிங் படியுங்கள், லோன் நாங்கள் ஏற்பாடு செய்கிறோம் என்றார். பதிவு பெற்ற ஆஸ்திரேலியக் குடியேற்ற ஆலோசகருக்கு அந்த நாட்டு அரசில் பதிவு எண் இருக்கும், அந்தப் பட்டியலை யார் வேண்டுமானாலும் இணையத்தில் பார்க்கலாம். எண் கேட்டேன். அதோடு அவர் பேச்சை முடித்துக்கொண்டார். நான் எல்லா விண்ணப்பத்தையும் என் கையால்தான் நிரப்பினேன். பி.எட். முடித்த ஒருத்தியால் நிரப்ப முடியாத படிவம் அல்ல அது.

2023இல் வந்து இறங்கினோம். நிரந்தர விசாவோடு இறங்குவதில் ஒரு நிம்மதி உண்டு. மெடிகேர் அட்டை கிடைக்கும், பிள்ளைக்கு அரசுப் பள்ளியில் இடம் கிடைக்கும், எந்த முதலாளியையும் நம்பி நிற்க வேண்டாம். நான்கு வருடம் சட்டப்படி வசித்தால் குடிமகளாகவும் விண்ணப்பிக்கலாம். வேலை மட்டும் நாமே தேடிக்கொள்ள வேண்டும். விக்டோரியன் இன்ஸ்டிட்யூட் ஆஃப் டீச்சிங்கில் தற்காலிகப் பதிவு வாங்கிக்கொண்டு முதலில் காஷுவல் ரிலீஃப் டீச்சராகப் போனேன். லீவு போட்டவருக்குப் பதிலாக அன்றைக்கு மட்டும். காலையில் போன் வரும், பை தயாராக இருக்கும், பள்ளி எதுவென்று அப்போதுதான் தெரியும். இந்த ஊர்ப் பள்ளிகளை அறிய அதைவிட நல்ல வழி இல்லை.

வகுப்பில் பழகிக்கொள்ள வேண்டியது பல. சிபிஎஸ்இ பரீட்சை ஹாலில் கால்குலேட்டரே கூடாது என்று வளர்ந்தவள் நான். இங்கே பன்னிரண்டாம் வகுப்பு மேத்தமெட்டிகல் மெத்தட்ஸ் பரீட்சையில் முதல் தாள் வெறும் பேனாவோடு. இரண்டாவது தாளில் சமன்பாட்டைத் தானே தீர்த்துத் தரும் கணினிக் கால்குலேட்டரும், மாணவர் தயாரித்த குறிப்புப் புத்தகமும் வைத்துக்கொள்ளலாம். விடையைக் கருவி சொல்லிவிடும், கேள்வி அதற்கு அப்பால் இருக்கும். இதை நான் குறையாகவே நினைக்கவில்லை. நம் பிள்ளைகளுக்குப் பேனாவில் இருக்கும் வேகம் இங்குள்ளவர்களுக்கு இல்லை. இங்குள்ளவர்கள் தெரியாததை வாய்விட்டுக் கேட்கும் தைரியம் நம் பிள்ளைகளுக்கு வர வேண்டும்.

தற்காலிகப் பதிவை முழுப் பதிவாக மாற்ற மறுபடி வகுப்பறைதான் சாட்சி. குறைந்தது 80 நாள் பாடம் நடத்தியிருக்க வேண்டும். ஒரு கேள்வியை எடுத்துக்கொண்டு, நம் வகுப்பிலேயே சில பிள்ளைகளை வைத்து விசாரணை செய்து, என்ன மாறியது என்று ஆதாரத்தோடு ஒரு குழுவின் முன் வைக்க வேண்டும். என் எட்டாம் வகுப்பில் நான்கு பிள்ளைகள் அரையும் மூன்றில் ஒன்றும் கூட்டினால் ஐந்தில் இரண்டு என்று எழுதிக்கொண்டிருந்தார்கள். மேலுக்கு மேல், கீழுக்குக் கீழ் கூட்டிவிடுவார்கள். எல்சிஎம் எடு என்று சொன்னால் அன்றைக்குச் சரியாகும், அடுத்த வாரம் திரும்ப வரும். காகிதப் பட்டைகளை மடித்து அரையை முதலில் வைக்கச் சொன்னேன். ஐந்தில் இரண்டு அரையைவிடச் சின்னது, எதையோ கூட்டிய பிறகு எப்படிக் குறைந்தது என்று அவர்களையே கேட்டேன். வழிகாட்டி ஆசிரியர் பின்னால் உட்கார்ந்து யார் எப்போது பேசினார்கள் என்று குறித்தார். அவர் குறிப்பைப் படித்தால், அந்த நால்வரில் ஒருத்தி அந்த வாரம் முழுக்க வாய் திறக்கவே இல்லை. அவளைத் தனியாக உட்காரவைத்த பிறகுதான் தெரிந்தது, பின்னத்தை இரண்டு தனி எண்ணாகப் பார்க்கிறாள் என்று. என் அறிக்கையில் பாதி அவளைப் பற்றியது. முழுப் பதிவு வந்தது.

போன வருடம் என் வகுப்புக்கே ஒரு பயிற்சி ஆசிரியர் வந்தார். இந்த நாட்டில் இளநிலையில் ஆசிரியப் பட்டம் படிப்பவர் குறைந்தது 80 நாள், பட்டத்துக்குப் பின் படிப்பவர் 60 நாள் பள்ளியில் மேற்பார்வையில் இருக்க வேண்டும். நம்மிடம் 45 கேட்கிறவர்கள் தங்கள் பிள்ளைகளிடம் அதைவிட அதிகம் கேட்கிறார்கள். ஒவ்வொரு வகுப்புக்குப் பிறகும் நான் எழுதிக் கொடுக்க வேண்டும், கடைசியில் தேசிய ஆசிரியர் தரநிலைகளின்படி அறிக்கை. நான் எழுதாத நாளில் அவரே வந்து கேட்டு வாங்கிப் போவார்.

நம் நாட்டில் 2014 விதிமுறைப்படி பி.எட். இரண்டு வருடமாகி, பள்ளியில் இன்டர்ன்ஷிப் 20 வாரம் ஆனது. காகிதத்தில் 45 நாள் இனி யாருக்கும் குறையாது. ஆனால் பல பள்ளிகளில் பயிற்சி டீச்சரை லீவு வகுப்புகளுக்கு அனுப்பிவிட்டு யாரும் பின் பெஞ்சில் உட்காருவதில்லை. நாள் கூடியது, மேற்பார்வை கூடவில்லை. வெளிநாட்டுக்குப் போகாத டீச்சருக்கும், அவள் வகுப்பில் உட்காரப்போகும் பிள்ளைகளுக்கும் அதுதான் நஷ்டம்.

என் சித்தி மகள் இப்போது எர்ணாகுளத்தில் பி.எட். இரண்டாம் வருடம். டிசி வாங்கிக் கல்லூரியை விட்டு வருவதற்கு முன்பே நாள் கணக்கோடு அந்த லெட்டரை வாங்கிவிடு என்று தினமும் நச்சரித்தேன். போன வாரம் அழைத்தாள்.

"அக்கா, லெட்டர் தர்றேன்னு சொல்லிட்டாங்க. ஆனா என் கிளாஸ் பாக்க சார் ரெண்டு தடவதான் வந்தாரு. மிச்ச நாளெல்லாம் யாரும் வரல."

அந்தப் பள்ளியின் கணக்கு டீச்சரிடமே போய், ஃப்ரீ பீரியட் இருக்கும்போது வந்து உட்காரச் சொல்லிக் கேள் என்றேன். பதில் சொல்லாத பிள்ளைகள் பெயரை மட்டும் ஒரு தாளில் எழுதித் தந்தால் போதும், அதில் தேதியும் கையெழுத்தும் வாங்கி ரெக்கார்டில் ஒட்டிவிடு. அந்த டீச்சர் சம்மதித்துவிட்டாராம். செவ்வாயும் வியாழனும், ஒன்பதாம் வகுப்பு பி பிரிவு.